லக்கிடேஸும் களஞ்சியத் திறப்பும்

மிருணாளினி எதற்கும் அவ்வளவு லேசில் பயப்படுகிறவள் அல்ல. முந்நூறு மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் ஒரு மணித்தியாலம் பேசுவாள். சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பண்டைய மெய்யியல் கற்பிக்கிறாள். யாரும் கேள்விப்படாத ஒரு கிரேக்கரைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். அந்த ஆறு வருஷமும் ‘இதால என்ன பிரயோசனம்?’ என்று கேட்ட அத்தனை அன்ரிமாருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள்.

அப்படிப்பட்டவளுக்குத் தகப்பனின் ஒரே ஒரு வசனத்தை வெல்ல மூன்று வருஷமாக வழி தெரியவில்லை.

அந்த வசனம் இதுதான்: “பாப்பம் பிள்ளை, இப்ப அதுக்கு நேரமில்லை.”

முதல்முறை தான் விரும்புகிற அனோஜனைப் பற்றிச் சொன்னபோது கோயில் கும்பாபிஷேகம் வந்துகொண்டிருந்தது. “இப்ப அதுக்கு நேரமில்லை.” அடுத்த வருஷம் சொன்னபோது தேர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. “இப்ப அதுக்கு நேரமில்லை.” போன வருஷம் தேர் வந்து, இழுத்தும் முடிந்தது. ஆனால் கார் நிறுத்துமிடத்தைப் பெருப்பிக்க நகரசபை அனுமதி தரவில்லை. “கவுன்சில் பிரச்சினை முடியட்டும் பிள்ளை.”

அவளுடைய அப்பா நித்தியானந்தன் பதினான்கு வருஷமாகப் பிள்ளையார் கோயில் தலைவர். மேற்குச் சிட்னியில் காட்டுப் புல் முளைத்துக் கிடந்த ஒரு பழைய தொழிற்கூடத்தை வாங்கிக் கோபுரம் வைத்தவர். அவர் ‘மாட்டன்’ என்று சொல்லியிருந்தால் மிருணாளினி சண்டை பிடித்திருப்பாள், வென்றும் இருப்பாள். மாட்டேன் என்றே சொல்லாத மனிதரோடு எந்தப் பக்கத்தால் சண்டை தொடங்குவது?

அவருடைய மனதில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அனோஜன் படகில் வந்தவன். பத்து வருஷம் தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் நிரந்தரமாகியவன். மெல்போர்ன் பக்கம் டண்டினொங்கில் லொறி திருத்துகிறவன். மெல்போர்னில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் அவளுடைய வாடகைக் கார் நெடுஞ்சாலையில் நின்றுபோக, அவன்தான் வந்து இழுத்துப் போனான். பின் ஆசனத்தில் இருந்த புத்தகப் பெட்டியைக் காட்டி, “இது என்ன, எல்லாம் ஒரே ஆளைப் பற்றியோ?” என்று கேட்டான். என்ஜின் ஆறுவதற்குள் அவள் லக்கிடேஸ் என்ற அந்தக் கிரேக்கரையும் அவருடைய வாத்தையும் பற்றி முழுதும் சொல்லி முடித்தாள். அவன் ஸ்பானரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த வாத்துக்காரர் நல்ல மனுசனாத்தான் இருந்திருக்கவேணும்” என்றான். அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்தாள்.

இப்போது இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். நவம்பர் இருபத்தோராம் திகதி சனிக்கிழமை கலியாணம். பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்று. அப்பா வந்தாலும் வராவிட்டாலும் அன்று கலியாணம் நடக்கும். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் மணவறையில் தன் கையைப் பிடித்து அவன் கையில் வைக்க அப்பா வேண்டும். அந்த இடத்தில் மாமாவையோ சித்தப்பாவையோ அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“சனிக்கிழமை பேச்சு முடிஞ்ச கையோட அப்பாவிட்டச் சொல்லுறன்” என்று தொலைபேசியில் அனோஜனிடம் சொன்னாள்.

“மூண்டு வருஷமா நான் ஒரு வசனம் பாடமாக்கி வச்சிருக்கிறன், உங்கட அப்பாவோட கதைக்க” என்றான் அவன். “துருப்பிடிக்க முதல் ஒருக்கா விடுங்கோ.”

அந்தப் பேச்சு கோயில் மண்டபத்தில் மாதாமாதம் நடக்கிற சனிக்கிழமைப் பேச்சு. அடுத்த நாள் ஞாயிறு, கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்துக்கு முன் சபையை ஒருமுறை நிறைத்துக் காட்டவேண்டும் என்பது நித்தியானந்தனின் கணக்கு. “என்ர மகள் பேசுறா” என்று எல்லோருக்கும் தானே தொலைபேசி எடுத்தார். அறிவித்தலில் ‘உலகப் புகழ்பெற்ற கிரேக்க ஞானி’ என்று போட்டிருந்தார்.

“அப்பா, அவரை உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் விஷயமே.”

“நாளைக்குத் தெரியும்தானே பிள்ளை. இப்பவே போட்டா என்ன?”

சனிக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பட்டு வேட்டியோடு தலைவர். சட்டைப் பையில் களஞ்சியத் திறப்பு. கோயிலின் அரிசி, பருப்பு, நெய், பட்டுச்சாத்துகள், வெள்ளிக் குடங்கள் எல்லாம் இருக்கிற அறையின் சாவி அது. கதைக்கும்போதும் கும்பிடும்போதும் அவருடைய விரல்கள் தாமாகவே அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கும். அவருக்கு ஒரு பக்கத்தில் பொருளாளர் சிவபாலன். தலைவரோடு முட்டாமல் ஒருநாளும் தேநீர் குடிக்காதவர். மறுபக்கத்தில் செயலாளர் பத்மா. கெல்லிவில்லில் இருந்து வருகிற மதுரைக்காரி, கணினி நிறுவனமொன்றில் பெரிய பதவி. இடதுபக்க வரிசைகளில் மடைப்பள்ளிப் பெண்கள். நடுவில் அம்மா விமலாதேவி.

தலைமையுரை இருபத்தைந்து நிமிஷம் போனது. கடைசியில் மிருணாளினி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“அப்பா சொன்ன மாதிரி இவர் உலகப் புகழ்பெற்ற ஆள் இல்லை” என்று தொடங்கினாள். சபை சிரித்தது. “பிளேட்டோ ஏதென்ஸில தொடங்கின கல்விக்கழகத்துக்குப் பிறகு தலைவரா வந்தவர்களில ஒருத்தர். பேர் லக்கிடேஸ். பிறந்தது ஏதென்ஸில இல்லை, கடலுக்கு அங்கால. ஆப்பிரிக்காக் கரையில இருந்த சைரீன் எண்ட கிரேக்க ஊர். வெளியில இருந்து வந்த ஆள், வரேக்கை ஏழை. பாடுபட்டுப் படிச்சுத்தான் அந்தக் கதிரைக்கு வந்தவர்.”

“எங்களை மாதிரி” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“ஓம், எங்களை மாதிரித்தான். இவர் எழுதின ஒண்டும் இண்டைக்கு மிஞ்சேல்லை. மிஞ்சினது அவரைப் பற்றி மற்றவை சொன்ன கொஞ்சக் கதைகள்.”

அவரிடம் ஒரு வாத்து இருந்ததைச் சொன்னாள். வீதிக்கும் குளிக்கும் இடத்துக்கும், இரவிலும் பகலிலும் அது அவர் பின்னாலேயே நடந்தது. அது செத்தபோது, உடன்பிறந்தவனுக்கோ பிள்ளைக்கோ செய்வதுபோல அவர் செத்தவீடு செய்தார். ஊர் சிரித்திருக்கும், அவர் கவலைப்படவில்லை. அத்தலஸ் என்ற அரசன் அவரைத் தன் அரண்மனைக்குக் கூப்பிட்டபோது, ‘சிலைகளைத் தூர நின்று பார்ப்பதுதான் நல்லது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தார். வயது போன பிறகு, கோடும் வட்டமும் வரைகிற கேத்திரகணிதம் படிக்கத் தொடங்கினார். ‘இதுக்கு இதுவோ நேரம்?’ என்று ஒருவன் கேட்டான். ‘இப்பவும் நேரம் வரேல்லையோ?’ என்று திருப்பிக் கேட்டார்.

இதைச் சொல்லும்போது மிருணாளினி தகப்பனை நேராகப் பார்த்தாள். இரண்டு கிழமையாக அவள் தீட்டி வைத்திருந்த இடம் இதுதான். நித்தியானந்தன் பெருமையோடு தலையாட்டினார். குத்தியதாகவே தெரியவில்லை.

சரி என்று அடுத்த கதைக்குப் போனாள். அது சும்மா சிரிப்புக்காகச் சேர்த்த கதை.

“இவருக்கு வீட்டுக் களஞ்சியத்தில நல்ல கவனம். ஏதும் எடுத்தா, உடனே கதவைச் சாத்தி, தன்ர முத்திரை மோதிரத்தால சீல் வைப்பார். வச்சிட்டு அந்த மோதிரத்தையே கதவில இருக்கிற ஓட்டையால உள்ளுக்குப் போட்டிடுவார். மோதிரமும் உள்ளுக்கு, சாமானும் உள்ளுக்கு. இனி யார் தொடுவது எண்டு நிம்மதியாப் போய்ப் படிப்பிப்பார். வேலைக்காரர் இதைப் பாத்திட்டினம். சீலை உடைச்சு, வேண்டியதை எடுத்து, அந்த மோதிரத்தாலேயே திரும்பச் சீல் வச்சு, ஓட்டையால மோதிரத்தை உள்ளுக்குப் போட்டிட்டுப் போவினம். அவர் கடைசி வரைக்கும் ஒருத்தரையும் பிடிக்கேல்லை.”

மண்டபத்தின் வலதுபக்கம் சாதாரணமாகச் சிரித்தது. இடதுபக்கத்தில் வேறு ஏதோ நடந்தது. மடைப்பள்ளிப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குலுங்கினார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் திணித்தாள். விமலாதேவி கண்ணீர் வரச் சிரித்து, கணவர் திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் இருமத் தொடங்கினாள். பத்மா முகத்தைத் தன் கைப்பைக்குள் விட்டு எதையோ மும்முரமாகத் தேடினாள்.

நித்தியானந்தனின் கை சட்டைப் பைக்குப் போனது.

மிருணாளினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் மிஞ்சியிருந்தது முடிவுரை மட்டும், அதைச் சொன்னாள். “இவருக்கு முன்னமிருந்த தலைவர்மார் எல்லாரும் சாகும் வரைக்கும் அந்தக் கதிரையில இருந்தவை. உயிரோட இருக்கேக்கையே மற்றவையிட்டப் பொறுப்பைக் குடுத்த முதல் ஆள் லக்கிடேஸ்தான். எழுத்து ஒண்டும் மிஞ்சாட்டியும் அவர் விட்டுட்டுப் போனது அதுதான்.”

சிவபாலன் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

“அருமையான பேச்சு, பிள்ளை! பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் பாத்து! எங்கட தலைவரும் நல்லாக் கேட்டிருப்பார்!”

அப்போதுதான் மிருணாளினிக்கு உறைத்தது. நாளைக்குத் தலைவர் தெரிவு. பதினான்கு வருஷமாகக் கதிரையை விடாத அப்பாவை, அவர் கூட்டிவைத்த சபையின் முன்னாலேயே, அவர் கையால் பொன்னாடை வாங்கப் போகிற அவருடைய மகள் இறங்கச் சொல்லிவிட்டாள். அவள் நினைத்தது அதுவல்ல. ஆனால் சபை கேட்டது அதைத்தான்.

நித்தியானந்தன் மேடையேறிப் பொன்னாடையைப் போர்த்தார். “நல்லாப் பேசினாய்” என்றார். பிறகு குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குக் காரில் வரும் வழியில், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தார். பின் ஆசனத்தில் விமலாதேவி வெளியே கடந்து போகிற கடைகளை, முதன்முறை பார்ப்பவள்போல, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குசினியில் தேநீர் ஊற்றும்போது மிருணாளினி மனதுக்குள் வசனத்தை அடுக்கினாள். அப்பா தப்பாக எடுத்துக்கொண்டதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு இருபத்தோராம் திகதி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பயப்பட ஒன்றும் இல்லை. அதற்குள் நித்தியானந்தன் கதிரையை இழுத்து உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

“விமலா. களஞ்சியத் திறப்பு உன்னட்டை எவ்வளவு காலமா இருக்கு?”

விமலாதேவி சீனிப் போத்தலை மூடினாள். “ஒன்பது வருஷம்.”

“ஒன்பது!”

“நீங்கள் அத்தான்ர செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போகேக்கை திறப்பைப் பொக்கற்றுக்கையே போட்டுக்கொண்டு போட்டீங்கள். அடுத்த நாள் சிவராத்திரி. முந்நூறு சனத்துக்கு அரிசி உள்ளுக்கு. பத்மா ஒரு ஆளைக் கூட்டிவந்து பூட்டைத் திறந்து இன்னொரு திறப்பு வெட்டுவிச்சா. பிறகு அது மடைப்பள்ளியில மஞ்சள் டப்பாக்குள்ள இருக்கு.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் அந்தப் பொக்கற்றைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச் சந்தோஷமா இருந்தீங்கள். ஏன் கெடுப்பான் எண்டு விட்டனாங்கள். ஒரு பிடி அரிசி குறைஞ்சதோ, சொல்லுங்கோ பாப்பம்? நீங்கள் மறந்த சாமானும் நாங்கள்தான் வாங்கி உள்ளுக்கு வைக்கிறனாங்கள்.”

நித்தியானந்தனின் மீசையின் ஒரு ஓரம் துடித்தது. கோபமா சிரிப்பா என்று மிருணாளினிக்குத் தெரியவில்லை. அவர் கைத்தொலைபேசியை அவள் பக்கம் திருப்பினார்.

“உன்ர ஆள் எப்பிடிச் செத்தவர்?”

“யார்?”

“லக்கிடேஸ். வரேக்கை நான் தேடிப் பாத்தனான். சிவப்பு விளக்கில.”

மிருணாளினி தலை குனிந்தாள். “குடிச்சு.”

“அளவில்லாமக் குடிச்சுப் பாரிசவாதம் வந்து செத்தவராம். வாத்தைச் சொன்னனி, அரசனைச் சொன்னனி, களஞ்சியத்தைச் சொன்னனி. இதை ஏன் விட்டனி?”

“கோயில் மண்டபத்தில எப்பிடி அப்பா அதைச் சொல்லுறது? நீங்கள் ஞானி எண்டு போட்டிருந்தீங்கள்.”

“ஓ. அப்ப எனக்குப் பிடிக்காத பகுதியை நீயும் மஞ்சள் டப்பாக்குள்ள போட்டிட்டாய்.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இந்த வீட்டில நான் சீல் வச்சிட்டு நிம்மதியாத் திரியிறன். எல்லாரும் பின்னால திறந்து மூடுறீங்கள். வேற என்ன இருக்கு, மிருணா? எல்லாத்தையும் இப்பவே சொல்லிப் போடு.”

அடுக்கி வைத்த வசனங்கள் எல்லாம் கலைந்துபோயின. நல்லதாயிற்று என்று தோன்றியது.

“நவம்பர் இருபத்தொண்டு. சனிக்கிழமை. எனக்கும் அனோஜனுக்கும் கலியாணம். அறிவித்தல் குடுத்தாச்சு.”

விமலாதேவிக்கு இதுவும் முன்பே தெரியும் என்பது அவள் தேநீர்க் கோப்பையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நித்தியானந்தன் அதையும் கவனித்தார்.

“நான் வராட்டி?”

“நீங்கள் வராட்டியும் நடக்கும் அப்பா. நான் சும்மா வெருட்டேல்லை, உண்மையைச் சொல்லுறன். ஆனா என்ர கையை நீங்கள்தான் குடுக்கவேணும். உங்கட இடத்தில வேற ஒருத்தரும் நிக்கமாட்டினம். அந்த இடம் காலியாத்தான் இருக்கும்.”

நித்தியானந்தன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

“இண்டைக்கு நீ கதிரையை விடச் சொன்னது எனக்குத்தானே?”

“இல்லை அப்பா. அது அந்தாளின்ர வரலாறு. உங்களுக்கு எண்டு சொன்னது வேற. ‘இப்பவும் நேரம் வரேல்லையோ’ எண்டது. அதைச் சொல்லேக்கை உங்களை நேராப் பாத்தனான். நீங்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தீங்கள்!”

“அது கேத்திரகணிதம் எண்டெல்லோ நான் நினைச்சன்!”

விமலாதேவி இம்முறை இருமவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். நித்தியானந்தன் எழுந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு, அறைக்குப் போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். மிருணாளினி பின்வரிசையில் இருந்தாள். அப்பாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, காலையில் “கார் திறப்பு எங்கை?” என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்து முடிந்ததும் சிவபாலன் தொண்டையைச் செருமினார். பெரிய பேச்சு ஒன்று தயாராக இருந்தது தெரிந்தது. அதற்குள் நித்தியானந்தன் எழுந்து நின்றார்.

“சிவபாலன், நீர் இரும். நேற்று என்ர மகள் ஒரு கிரேக்கரைப் பற்றிச் சொன்னவ. எனக்குத்தான் சொன்னவ எண்டு நீங்கள் எல்லாரும் நினைச்சீங்கள். நானும் நினைச்சன். இல்லையாம். ஆனா இரவு படுத்துக்கிடந்து யோசிச்சுப் பாத்தன். ஆருக்குச் சொன்னா என்ன, சொன்னது சரிதானே?” சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். “ஒன்பது வருஷமா இந்தக் கோயிலை நான் பூட்டுறன், உண்மையில நடத்துறது பத்மா. என்ர பேரை எடுத்துப்போட்டு அவவின்ர பேரை முன்மொழியிறன்.”

சிவபாலனின் பேச்சு அவருடைய கைக்குள்ளேயே கசங்கியது. பத்மா கதிரையிலிருந்து பாதி எழுந்தபடி நின்றாள். “சார், என்னைப் போயா? எனக்கு உங்க ஊர் முறையெல்லாம் முழுசாத் தெரியாதே.”

“மடைப்பள்ளிக்கு உங்களைத் தெரியும். அது காணும்.”

“வழிமொழியிறன்” என்றாள் விமலாதேவி, இடதுபக்கத்திலிருந்து. மடைப்பள்ளிப் பெண்களின் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்தன. எண்ணி முடிந்ததும் நித்தியானந்தன் திறப்பைப் பத்மாவின் கையில் வைத்தார். விமலாதேவி சேலைத் தலைப்பிலிருந்து மஞ்சள் டப்பாத் திறப்பை அவிழ்த்துக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். மண்டபம் இடிபடச் சிரித்தது. நித்தியானந்தனும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கி, நேரே பின்வரிசைக்கு வந்து, மகளின் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். பதினான்கு வருஷத்தில் அவர் பின்வரிசையில் இருந்தது அன்றுதான். கை சட்டைப் பைக்குப் போய், வெறுமையைத் தடவிவிட்டு, அந்த வழியிலேயே அவள் பக்கம் நீண்டது.

“அந்தப் பெடியனுக்கு எடுத்துத் தா.”

“இப்பவோ?”

“ஏன், இப்பவும் நேரம் வரேல்லையோ?”

மிருணாளினி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது மணியில் அனோஜன் எடுத்தான். அவளென்று நினைத்து, “என்ன, வாத்துக்காரர் வென்றவரோ?” என்றான். வேறு குரல் கேட்டதும் அந்தப் பக்கத்தில் ஏதோ இரும்புச் சாமான் நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

“தம்பி, நான் நித்தியானந்தன். மிருணாவின்ர அப்பா.”

“அங்கிள்... வணக்கம் அங்கிள்...” மூன்று வருஷமாகப் பாடமாக்கிய வசனம் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயிற்று.

“குடிக்கிறனீரோ?”

“கொண்டாட்டம் எண்டா... கொஞ்சம்.”

“நவம்பர் இருபத்தொண்டு அண்டைக்கு மட்டும் குடியாதையும். மற்றது, உமக்கு இங்க ஆர் இருக்கினம், பெரியாக்கள்?”

“மூத்தக்கா இருக்கிறா அங்கிள். என்னோடதான்.”

“அப்ப அவவிட்டச் சொல்லும், வாற சனிக்கிழமை நாங்கள் வாறம். பொம்பிளைப் பகுதிதான் முதல்ல போய்க் கேக்கிறது முறை. மூண்டு வருஷம் பிந்திப்போச்சு எண்டு அவவிட்ட நானே மன்னிப்புக் கேக்கிறன்.”

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார். “டண்டினொங்குக்கு எத்தினை மணித்தியால ஓட்டம்?”

“ஒன்பது வரும் அப்பா. பிளேனில போகலாம்.”

“இல்லை. கார்தான். பலகாரம் கொண்டு போகவேணும்.” மடைப்பள்ளிப் பக்கம் திரும்பி, “விமலா!” என்று கூப்பிட்டார். “முறுக்குக்கு மா வேணும். களஞ்சியத்தைத் திற!”

“பத்மாவிட்டக் கேளுங்கோ” என்றாள் அவள். “அவதான் இப்ப தலைவர்.”